ஒழுங்கில்லாத துண்டு

கடலூர் சாலையில் பேருந்தில் போகிறவர்களுக்குப் பிள்ளையார்குப்பம் என்றால் மகாத்மா காந்தி மருத்துவக் கல்லூரி நிறுத்தம். அங்கிருந்து பாகூர்ப் பக்கம் இறங்கினால் நெல்லும் தென்னையும்தான். தென்னை ஆண்டு முழுக்கப் பாளை விடும் மரம். மகரந்தத்துக்குப் பஞ்சம் வராது. அப்படியொரு தோப்பில் ஒருவர் ஒரே தாய்க் கூட்டத்தைப் பிரித்துப் பிரித்து நான்கு தேனீப் பெட்டி ஆக்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். பூ இருக்கிறது, நோய் இல்லை, ராணியும் முட்டையிடுகிறது. ஆனால் அடையைத் தூக்கிப் பார்த்தால் புழு அறைகள் பொத்தல் பொத்தலாகக் காலி.

காரணம் ஒரு புரதமாக இருக்கலாம். இன்னும் சரியாகச் சொன்னால், அந்தப் புரதத்தில் வடிவமே எடுக்காத ஒரு துண்டு.

கருவுறாத முட்டை ஆண் தேனீ ஆகும் என்பதை யான் ஜெர்சோன் என்ற பாதிரியார் 1845லேயே சொல்லிவிட்டார். ஏன் என்பதற்கு மரபணு அளவில் விடை கிடைத்தது 2003இல். மார்ட்டின் பேயெயின் குழு 'சிஎஸ்டி' என்ற மரபணுவைப் பிடித்தது. அதற்கு உலகெங்கும் நூற்றுக்கு மேற்பட்ட பதிப்புகள். வெவ்வேறான இரண்டு பதிப்புகள் ஒரு முட்டையில் சேர்ந்தால் பெண். கருவுறாத முட்டையில் இருப்பது ஒரே நகல், ஆகவே ஆண். வில்லங்கம் எங்கே என்றால், கருவுற்ற முட்டையில் இரண்டும் ஒரே பதிப்பாக அமைந்துவிட்டால் அதுவும் ஆண்தான். அந்தப் புழு முட்டையிலிருந்து வந்த சில மணி நேரத்தில் பணித் தேனீக்கள் அதைத் தின்றுவிடுகின்றன. யெர்சி வோய்கே 1963இல் இதைக் காட்டினார். கூட்டுக்கு வெளியே எடுத்து வளர்த்தால் அவை பிழைக்கின்றன என்பதையும் அவரே காட்டினார்.

நம் தோப்பில் இளம் ராணி தன் சகோதரர்களோடு மட்டுமே இணைகிறது என்றால் கணக்கு எளிது. சகோதரர்களில் பாதிப் பேரிடம் அதன் ஒரு பதிப்பு இருக்கும். அவர்கள் வழி வரும் முட்டைகளில் பாதி ஆணாகும். ஆக, நான்கில் ஒரு புழு போயிற்று.

அதே 1963இல்தான் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி. என். ராமச்சந்திரனும் ராமகிருஷ்ணனும் சசிசேகரனும், புரதச் சங்கிலி எந்தெந்தக் கோணங்களில் திரும்ப முடியும் என்று வரைபடம் போட்டார்கள். அந்தக் கோணங்கள் சீராகத் தொடர்ந்தால் சுருள், மடிப்புத் தகடு என்று வடிவம் பிறக்கிறது. சிஎஸ்டி மரபணு ஆக்கும் புரதத்தின் ஒரு பகுதி இதற்குள் நிற்பதில்லை. அஸ்பராஜினும் டைரோசினும் திரும்பத் திரும்ப வரும் அந்தத் துண்டு, கிணற்றில் தொங்கும் தாம்புக்கயிறு போல ஆடிக்கொண்டே இருக்கக்கூடியது. இப்படிப்பட்ட துண்டுகள் எக்ஸ் கதிர் படிகப் படத்தில் வெற்றிடமாகவே விழும். ஆல்ஃபாஃபோல்டு போன்ற நிரல்கள் நம்பிக்கை குறைவு என்ற குறியோடு ஒரு நாடாவை வரைந்து வைக்கும். 'ஒழுங்கற்ற பகுதி' என்று பாடநூல்கள் எழுதுகின்றன. எனக்கு இந்தப் பெயரில் உடன்பாடில்லை. ஏதோ கோளாறு மாதிரி இருக்கிறது.

பதிப்புக்குப் பதிப்பு மிகவும் வேறுபடுவது இந்தத் துண்டுதான். இறுக மடிந்த புரதத்துக்குள் நாலைந்து அமினோ அமிலங்களைக் கூடுதலாகச் செருகினால் மடிப்பே குலையும். ஆடும் துண்டில் எது குலையும்? நீளலாம், குறுகலாம், கண்ணி ஒன்று கூடலாம். பழையவற்றிலிருந்து புதிய பதிப்பு பிறப்பதற்கு இந்த நெகிழ்வு இடம் கொடுக்கிறது. புதிதாக வந்த பதிப்புக்கு ஜோடி அரிது, ஆகவே அதைச் சுமக்கும் புழு தின்னப்படுவதும் அரிது, அது பெருகும்.

இது இத்தாலியத் தேனீயின் கதை மட்டுமன்று. நம் ஊர்ப் பெட்டிகளில் வளரும் இந்தியத் தேனீயிலும், மரக்கிளையில் அடை கட்டும் மலைத்தேனீயிலும் இதே மரபணு உண்டு. இந்தியத் தேனீயின் இனத்தைச் சேர்ந்த ஆசியாவின் அடுக்குத் தேனீ 2007இல் ஆஸ்திரேலியாவின் கெய்ர்ன்ஸ் துறைமுகத்தில் கண்டுபிடிக்கப்பட்டது. வந்திறங்கியவை மிகச் சில. அவற்றிடம் இருந்தவை ஏழே ஏழு பதிப்புகள். ஏழும் சம அளவில் இருந்தாலே ஏழில் ஒரு புழு வீண். தொடக்கத்தில் சமமாகவும் இல்லை, இழப்பு அதைவிட அதிகம். ஆனால் ஆண்டுகள் போகப் போக அரிய பதிப்புகள் ஏறின, மலிந்தவை இறங்கின, இழப்பு குறைந்தது. அந்தத் தேனீக்கள் இன்றும் அங்கே இருக்கின்றன.

(தொடரும்)