அரை நொடிக்கு ஓர் அடி

சென்னை பரங்கிமலையில் உள்ள ராணுவ அதிகாரிகள் பயிற்சி அகாடமிக்கு வரும் கேடட் முதலில் நடக்கப் பழக வேண்டும். பட்டம் வாங்கிவிட்டு வந்தவருக்கு இது கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கும். ஆனால் டிரில் தொடங்கியதும் யாராவது ஒருவர் வலது காலோடு வலது கையையும் சேர்த்து வீசிக்கொண்டு போவார். யோசிக்காமலே செய்துவந்த வேலையை யோசித்துச் செய்யச் சொன்னால் உடம்பு அப்படித்தான் குழம்பும்.

1962 சீனப் போருக்குப் பின் அதிகாரிகள் அவசரமாகத் தேவைப்பட்டதால் 1963இல் தொடங்கிய இடம் இது. 1992 முதல் பெண்களும் இங்கே பயிற்சி பெறுகிறார்கள். இங்கே பயின்று, 1987இல் இலங்கையில் உயிரிழந்து, பரம்வீர் சக்ரா பெற்ற மேஜர் ராமசாமி பரமேஸ்வரனின் பெயர்தான் டிரில் மைதானத்துக்கு.

டிரில்லில் எடுத்து வைக்கும் ஓர் அடி என்பது 30 அங்குலம், ஏறக்குறைய 75 செ.மீ. காம்பஸ் போல விரியும் இரண்டு கால் கொண்ட 'பேஸ் ஸ்டிக்'கை வைத்து அதை அளக்கலாம். 'தேஸ் சல்' என்னும் வேக நடையில் நிமிடத்துக்கு 120 அடி என்று வைத்துக்கொண்டால், மணிக்கு 5.4 கிலோமீட்டர். கடைவீதியில் அவசரமாக நடப்பவரின் வேகம்தான்! கஷ்டம் வேகத்தில் இல்லை, எல்லோரும் ஒரே கணத்தில் கால் ஊன்றுவதில் இருக்கிறது. கட்டளையின் அமைப்பே அதற்கு உதவத்தான். 'தேஸ்' என்று உஸ்தாத், அதாவது டிரில் பயிற்சியாளர், இழுக்கும்போது செய்யவேண்டியது என்ன என்று தெரிந்துவிடும். சிறு இடைவெளியில் உடம்பு தயாராகும். 'சல்' என்று வெட்டியதும் கால் எழும். 'தம்' என்று நிறுத்தும் சொல் எந்தக் காலில் விழவேண்டும் என்பதற்கும் விதி உண்டு.

அணிவகுப்பு நீளமானால் இயற்பியல் குறுக்கே வந்துவிடும். ஒலி நொடிக்குச் சுமார் 340 மீட்டர் போகும். அடிகளுக்கு இடையே இருப்பதோ அரை நொடி. முரசிலிருந்து 85 மீட்டர் தள்ளி நடப்பவருக்குத் தாளம் கால் நொடி பிந்தி, அதாவது அரை அடி தவறிக் கேட்கும். 170 மீட்டரில் இருப்பவர் காதை மட்டும் நம்பினால், முன்வரிசை இடது காலை ஊன்றும்போது இவர் வலது காலை ஊன்றுவார். அதனால்தான் முன்னால் இருப்பவரின் தோளையும் கடைக்கண்ணில் பக்கத்து ஆளையும் கவனிக்கச் சொல்லிக் கொடுக்கிறார்கள்.

இயந்திரத் துப்பாக்கி வந்த பிறகு இப்படி வரிசையாகப் போய் யாரும் சண்டை போடுவதில்லை. பிறகு ஏன் இது? அமெரிக்க வரலாற்றாசிரியர் வில்லியம் மெக்நீல் 1941இல் டெக்சாஸில் சிப்பாயாக டிரில் செய்தவர். சேர்ந்து அசையும் உடம்புகளுக்குள் ஒட்டுதல் பிறக்கிறது என்று 1995இல் ஒரு புத்தகமே எழுதினார். எனக்கு அது முக்கால்வாசி சரியாகவே படுகிறது. மீதி கால்வாசி, பழக்கத்தை விட முடியாத ராணுவ மரபு.

நடையைவிடக் கடினம் 'சாவதான்' என்னும் விறைப்பு நிலையில் அசையாமல் நிற்பது. கெண்டைக்கால் தசை சுருங்கும்போதுதான் காலில் உள்ள ரத்தம் மேலே தள்ளப்படும். நெடுநேரம் விறைத்து நின்றால் அது கீழேயே தேங்கும், மூளைக்குப் போவது குறையும், ஆள் அப்படியே சாய்வார். சென்னை வெயிலில் இன்னும் சீக்கிரம். முழங்காலை இறுக்கிப் பூட்டாமல், பூட்ஸுக்குள் கால்விரல்களை மடக்கி மடக்கி நீட்டினால் சமாளிக்கலாம். வெளியிலிருந்து பார்க்கும் உஸ்தாதுக்கு அது தெரியாது.