சித்திரத்தில் ஒரு புத்த சரிதை

தமிழகம் விட்டு வந்து வடபுலத்தில் குடித்தனம் நடத்தும் நம்மவர்க்குப் புத்தகம் வாங்குவது ஒரு தனிக் கணக்கு. விலை ஒருபுறம் இருக்க, மாற்றல் உத்தரவு வரும்போதெல்லாம் அதைப் பெட்டியில் அடைத்து ஊர் ஊராகச் சுமக்கவும் வேண்டும். ஆகவே, எட்டுத் தொகுதிகளாக விரியும் சித்திரக் கதை ஒன்றைப் பிள்ளைகள் கேட்டால் பெற்றோர் தயங்குவது இயல்பே. அத்தகைய தொடர் ஒன்றைப் பற்றியும், காசு கொடுக்குமுன் அதை எவ்வாறு வாசித்துப் பார்க்கலாம் என்பது பற்றியும் நேயர்களுக்குச் சில சொல்ல விரும்புகிறேன்.

ஜப்பானிய ஓவியர் ஒசாமு தெசூக்கா இயற்றிய 'புத்தர்' என்பதே அத்தொடர். 1928-இல் பிறந்து 1989-இல் மறைந்த தெசூக்கா, மருத்துவம் பயின்று பட்டம் பெற்றும் தூரிகையையே தொழிலாகக் கொண்டவர். அந்நாட்டார் சித்திரக் கதையை 'மங்கா' என்பர். நம் ஊர் மாங்காய்க்கும் அதற்கும் யாதோர் உறவும் இல்லை! 1972 முதல் 1983 வரை இதழ்களில் தொடராக வந்த இக்கதை, 2003-ஆம் ஆண்டு தொடங்கி நியூயார்க்கில் ஆங்கிலத்தில் எட்டுத் தொகுதிகளாக வெளியாயிற்று. 2004, 2005 ஆகிய ஈராண்டிலும் ஐஸ்னர் பரிசையும் பெற்றது. நம் நாட்டுக் கடைகளுக்கு வந்தது ஹார்ப்பர்காலின்ஸ் பதிப்பு. ஒவ்வொரு தொகுதியும் 300 பக்கங்களுக்குக் குறையாது. முழு வரிசையும் வாங்கினால் அலமாரியில் ஒரு தட்டு நிறைந்துவிடும்.

கதை பனிமலையில் தொடங்குகிறது. பசியால் விழுந்து கிடக்கும் முதியவர் ஒருவருக்குக் கரடி மீன் கொணர்கிறது. நரி பழம் கொணர்கிறது. ஒன்றும் கிட்டாத முயல், தீ மூட்டச் செய்து, அதில் தானே பாய்ந்து உணவாகிறது. இது புத்த ஜாதகக் கதைகளுள் ஒன்று. அந்த முயலின் உருவத்தையே இந்திரன் நிலவில் தீட்டினான் என்பது ஜாதகம் கூறும் முடிவு. நிலவின் களங்கத்தை முயற்கறை என்று வழங்கிய தமிழருக்கும், நிலவில் முயலைக் காணும் ஜப்பானியருக்கும் இது அந்நியமான காட்சியன்று.

இவ்வளவு உயர்வாகத் தொடங்கும் நூலைப் புரட்டிச் செல்லும் நேயர், 'புத்தர் எங்கே?' என்று வினவுதல் திண்ணம். முதல் தொகுதியில் பெரும்பகுதி வரை அவர் பிறக்கவே இல்லை! அடிமையாகப் பிறந்தும் அதனை மறைத்துப் படைத்தலைவனின் மகனாக வளரும் சாப்ரா, விலங்குகளின் மனத்துள் புகவல்ல தத்தா என்னும் சிறுவன் ஆகிய இருவருமே கதையை நடத்துகின்றனர். இருவரும் ஆசிரியரின் கற்பனை. பிறப்பால் ஒருவனை உயர்ந்தோன் என்றும் தாழ்ந்தோன் என்றும் வகுத்த சமுதாயத்தை முதலில் கண்முன் நிறுத்தினாலன்றி, அதனை மறுத்த பெருமானின் பெருமை விளங்காது என்று தெசூக்கா கருதினார் போலும். இந்த அமைப்பைச் சிலர் குறை கூறுவர். நான் இதையே நூலின் உயிர்நாடி என்பேன்.

தத்தாவைக் குறிக்க ஆங்கிலப் பதிப்பு ஆளும் சொல், பறை முழக்கிய தமிழ்மக்களின் பெயரை ஆங்கிலேயர் இரவல் வாங்கி இழிசொல்லாக்கியது. ஆங்கில வழியில் பயிலும் நம் பிள்ளைகள் அச்சொல் எங்கிருந்து வந்தது என்பதை அறியார். பெற்றோரே அருகிருந்து விளக்குதல் நலம்.

வேறொன்றும் மறைக்காமல் சொல்ல வேண்டும். போரும் குருதியும் இந்நூலில் மிகுதி. மாந்தர் பலர் அரையாடையினர். தத்தாவுக்கோ அதுவும் இல்லை. நடுநடுவே இக்கால நகைச்சுவைகள் புகுகின்றன. ஆசிரியர் தம்மையே வரைந்து நுழைத்துவிடுகிறார். பக்தியோடு வாசிக்க அமர்வோர்க்கு இது சிறிது உறுத்தலாம். சித்திரக் கதை என்ற பெயரை நம்பி எட்டு வயதுக் குழந்தையிடம் கொடுத்துவிடலாகாது. பதின்மூன்று வயதுக்கு மேல் என்பது என் எண்ணம்.

இதனால்தான் வாங்குமுன் வாசிக்க வேண்டும் என்கிறேன். கடையில் நின்று பத்துப் பக்கம் புரட்டினால் போதாது. முயல் மயக்கிவிடும், அல்லது போர்க்களம் வெருட்டிவிடும். முதல் தொகுதி முழுவதையும் வாசித்தாலன்றித் தொடரின் போக்குப் பிடிபடாது. டில்லிவாழ் அன்பர்க்கு யுனெஸ்கோ துணையுடன் 1951-இல் தோன்றிய டில்லி பொது நூலகம் உண்டு. பிற நகரத்தார்க்கும் ஏதேனும் ஒரு நூலகம் கிட்டும். இல்லாத நூலை வரவழைக்குமாறு எழுதிக் கேட்கவும் தயங்க வேண்டாம். நூலக இயலின் தந்தையெனப் போற்றப்படும் சீர்காழி அரங்கநாதன், டில்லிப் பல்கலைக் கழகத்திலும் பணியாற்றியவர். நூலகத்தை நாடுவது நம்மவர்க்குப் புதிதன்று.

எம் இல்லத்தில் முதல் தொகுதியை நூலகத்திலிருந்து எடுத்து நான் முதலில் படித்தேன். பிறகு பேத்தியிடம் கொடுத்தேன். அதில் நரதத்தன் என்னும் சீடன், ஒரு மனித உயிரைக் காக்க விலங்குகள் பலவற்றைச் சாகவிட்டான். அதற்காக அவனை விலங்காய் அலையுமாறு குரு சபித்துவிடுகிறார். "ஒருத்தரைக் காப்பாத்தத்தானே செஞ்சார், தாத்தா? அதுக்கு இவ்வளவு தண்டனையா?" என்று அவள் கேட்டாள். முயலின் கதையை மீண்டும் பார்க்கச் சொன்னேன். "முயல் தானா குதிச்சுது, இவர் மத்ததுங்களைச் சாக விட்டார்" என்று மறுநாள் அவளே விடை கூறினாள். ஆயினும் தண்டனை மிகை என்பதில் உறுதியாக இருந்தாள். இரண்டாம் தொகுதிக்கு அவள் நச்சரிக்கத் தொடங்கிய பிறகே கடைக்குச் சென்றோம்.

தொகுதிகளைத் தனித்தனியே வாங்கலாம் என்பது ஒரு வசதி. பழம்புத்தகம் தேடுவோர், 2019-இல் தரியாகஞ்ச் நடைபாதையிலிருந்து மகிளா ஹாட்டுக்கு மாறிய ஞாயிற்றுக்கிழமைச் சந்தைக்கும் சென்று பார்க்கலாம். ஆனால் கையில் ஒரு சீட்டு இருக்கட்டும்: எந்தெந்த எண் வீட்டில் உள்ளது என்று குறித்துக்கொண்டு போகவேண்டும். உறையின் சித்திர அழகில் மயங்கி, உள்ள தொகுதியையே மறுபடி வாங்கி வருவது எளிது.