மறு சொல்லும் பலன்

உடம்பிலுள்ள மறுவைப் பார்த்துப் பலன் கூறும் வழக்கம் நம்மவரிடையே நெடுங்காலமாக உண்டு. இன்ன இடத்தில் இருந்தால் செல்வம் சேரும், இன்ன இடத்தில் இருந்தால் கடல் கடந்து செல்வான் என்று பாட்டிமார் சொல்லக் கேட்டிருக்கிறோம். அப்பலன்கள் பலித்தனவோ இல்லையோ, மறுவுக்கும் மனிதனின் ஆயுளுக்கும் சில வேளைகளில் தொடர்பு உண்டென்பதை வைத்திய சாஸ்திரமும் ஒப்புக்கொள்கிறது.

மெலனோமா எனப்படும் சருமப் புற்றுநோய் தொடக்கத்தில் ஒரு சாதாரண மறுவைப் போலவே தோன்றக்கூடும். அப்போதே வெட்டி அகற்றிவிட்டால் பெரும்பாலும் பயமில்லை. தோலின் ஆழத்தில் இறங்கிப் பிற உறுப்புகளுக்குப் பரவிவிட்டாலோ உயிரைக் காப்பது அரிது. இரண்டையும் பிரித்தறிய வைத்தியர் தம் கண்ணையே நம்பவேண்டியிருந்தது. ஐயம் எழுந்தால் அத்துண்டை வெட்டியெடுத்து நுணுக்குக்காட்டியில் வைத்துப் பார்ப்பார். அவற்றுள் மிகப் பல தீங்கற்றவையாகவே முடியும். தழும்பும் செலவும் மனக்கலக்கமுமே மிச்சம்.

வெட்டாமலே அளந்து சொல்ல ஒரு கருவி வேண்டுமென்று நினைத்தவர்கள் ஒரு கம்பனியைத் தொடங்கினார்கள். அக்கம்பனியின் கதை, கருவிகளை நம்பி வாழும் இக்காலத்தில் நாம் எல்லோரும் அறிந்துகொள்ள வேண்டியதொன்றாகும்.

பத்து வகை ஒளி

1989ஆம் ஆண்டில் நியூயோர்க் மாநிலத்தில் எலெக்ட்ரோ ஒப்டிக்கல் சயன்ஸஸ் என்னும் பெயருடன் அக்கம்பனி தோன்றியது. அதனை நிறுவியவர் மாரெக் எல்பாம் என்னும் விஞ்ஞானி. ஹட்சன் நதிக்கரையிலுள்ள இர்விங்டன் என்னும் சிற்றூரில் அதன் பணிமனை அமைந்தது. 2005ஆம் ஆண்டில் அதன் பங்குகள் பொதுமக்களுக்கு விற்கப்பட்டன.

அவர்கள் ஆக்கிய கருவியின் பெயர் மெலாபைண்ட். கையில் பிடிக்கும் முனையை மறுவின்மீது வைத்தால், நீல ஒளி முதல் கண்ணுக்குப் புலப்படாத செந்நிறக் கீழ்க் கதிர் வரையில் பத்து வகை ஒளி தோலினுள் பாயும். ஏறக்குறைய இரண்டரை மில்லிமீற்றர் ஆழம் வரை சென்று திரும்பும் ஒளியைக் கொண்டு பத்துப் படங்கள் உருவாகும். கணினி அப்படங்களை ஆராய்ந்து, நிறத்தின் அமைப்பு எவ்வளவு ஒழுங்கு குலைந்திருக்கிறது என்று கணக்கிடும். வெட்டிப் பார்க்க வேண்டுமா வேண்டாமா என்று முடிவு செய்ய இக்கணக்கு வைத்தியருக்குத் துணையாகும்.

காவற்காரனின் பயம்

1,383 நோயாளரின் 1,632 மறுக்களைக் கொண்டு ஒரு பெரும் பரீட்சை நடந்தது. அவற்றுள் 127 மெலனோமாக்கள் இருந்தன. கருவி 125ஐக் கண்டுபிடித்துவிட்டது, இரண்டே தப்பின. கேட்டவர் வியந்தனர். ஆனால் மறுபக்கம் ஒன்றும் இருந்தது. தீங்கற்ற மறுக்களுள் ஏறக்குறைய பத்தில் ஒன்றையே அது 'பயமில்லை' என்று விடுவித்தது. மற்ற ஒன்பதையும் சந்தேகித்தது.

கள்வன் ஒருவனும் தப்பக்கூடாது என்று அஞ்சும் காவற்காரன், தெருவிற் போவோர் வருவோர் எல்லோரையும் மறித்து நிறுத்துவான் அல்லவா? அத்தகையதே இது. புற்றுநோயைத் தவறவிட்டால் ஓர் உயிர் போகும். ஆகவே கருவியை அமைத்தவர்கள் அதற்குப் பயத்தைக் கற்பித்தார்கள். அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. பரீட்சைக்கு வந்த மறுக்கள் யாவும் வைத்தியர்கள் முன்னரே ஐயுற்று வெட்டத் தீர்மானித்தவை என்பதையும் மறத்தலாகாது. ஆயினும் கேட்பதற்கெல்லாம் பெரும்பாலும் 'ஆம்' என்றே கூறும் துணைவனிடம் யோசனை கேட்பதால் வைத்தியருக்கு ஆகும் பயன் யாது?

இக்கேள்வியே கம்பனியை அலைக்கழித்தது. 2010ஆம் ஆண்டு மார்ச் மாதம் அமெரிக்க அரசின் உணவு மருந்து நிருவாகம் அனுமதி தர மறுத்தது. அவ்வாண்டு நவம்பரில் கூடிய நிபுணர் குழுவிலே, தீமையைவிட நன்மையே மிகுதி என்று எண்மர் வாக்களித்தனர், எழுவர் எதிர்த்தனர். 2011 நவம்பரில் அனுமதி கிடைத்தது. ஆனால் பயிற்சி பெற்ற சரும வைத்தியர் மட்டுமே பயன்படுத்தலாம் என்பது முதலான நிபந்தனைகள் பலவற்றுடன் அது வந்தது. கருவி எதிர்பார்த்தபடி விற்பனையாகவில்லை. கம்பனி 2015இல் வேறொரு நிறுவனத்தின் சரும சிகிச்சை லேசர்களை விலைக்கு வாங்கியது. அடுத்த ஆண்டு தன் பெயரையும் ஸ்ட்ராட்டா ஸ்கின் சயன்ஸஸ் என மாற்றிக்கொண்டது. 2017இல் மெலாபைண்ட் கைவிடப்பட்டது. இருபத்தெட்டு ஆண்டுகளின் உழைப்பு அவ்வாறு முடிந்தது.

அக்கனவு முற்றாக அழியவில்லை. 2024 ஜனவரியில் டெர்மாசென்சர் என்னும் வேறொரு கம்பனியின் கருவிக்கு அதே நிருவாகம் அனுமதி வழங்கியது. இதனைக் குடும்ப வைத்தியரும் பயன்படுத்தலாம். பரீட்சையில் 224 சருமப் புற்றுநோய்களுள் நூற்றுக்குத் தொண்ணூற்றாறை இது கண்டறிந்தது. எனினும் தீங்கற்றவற்றுள் ஐந்தில் ஒன்றையே ஏறத்தாழ விடுவித்தது. பழைய காவற்காரனின் பயம் இன்னும் நீங்கியபாடில்லை.

நம் தோலும் நாமும்

மெலாபைண்டின் நிபந்தனைகளுள் ஒன்று நம்மைப் போன்ற கருநிறத்தார் கவனிக்கத்தக்கது. உள்ளங்கை, உள்ளங்கால், நகத்தின் அடி ஆகிய இடங்களில் அதனைப் பயன்படுத்தலாகாது என்று விதிக்கப்பட்டிருந்தது. கருநிறத்தாருக்கு மெலனோமா வருவது அரிது. வந்தால் இவ்விடங்களிலேயே பெரிதும் தோன்றுகிறது. புகழ்பெற்ற பாடகர் பொப் மார்லியின் கால்விரல் நகத்தடியில் 1977ஆம் ஆண்டு காணப்பட்டது இதுவே. 1981இல், தமது முப்பத்தாறாவது வயதில், அவர் காலமானார். டெர்மாசென்சருக்கு அனுமதி வழங்கியபோதும், இந்நோய் அரிதாக வரும் இனத்தாரிடையே மேலும் சோதிக்கவேண்டும் என்று நிருவாகம் பணித்தது. நம் தோலைக் கருவிகள் இனித்தான் நன்கு கற்கவேண்டியிருக்கின்றன.

அதுவரை நம் கண்ணே நமக்குத் துணை. 1985ஆம் ஆண்டில் நியூயோர்க் வைத்தியர்கள் வகுத்த அடையாளங்கள் எளியவை: இரு பாதியும் ஒவ்வாத வடிவம், ஒழுங்கற்ற ஓரம், பல நிறக் கலப்பு, ஆறு மில்லிமீற்றருக்கு மேற்பட்ட அகலம். நாளடைவில் மாறிவருதல் என்பது பின்னர் சேர்க்கப்பட்டது. குளித்துவிட்டுக் காலைத் துடைக்கும்போது உள்ளங்காலையும் ஒருமுறை பாருங்கள். நகத்திற் புதிதாகத் தோன்றி அகலித்துவரும் கருங்கோடு, ஆறாத புண், மாறிவரும் மறு ஆகியவற்றைக் கண்டால் தாமதியாது வைத்தியரிடம் காட்டுங்கள். வீட்டிலுள்ள முதியோருக்குக் குனிந்து பார்ப்பது கடினம். அவர்கள் பாதத்தைப் பார்க்கவேண்டிய கடமை பிள்ளைகளுடையது.