காசநோய்ப் பதிவேட்டில் உங்கள் விவரங்கள்: ஒரு வெற்றிடமும் ஏன் கூடாது?

காசநோய் கண்டறியப்பட்ட ஒவ்வொருவரின் விவரமும் 'நிக்‌ஷய்' என்னும் தேசிய இணையப் பதிவேட்டில் ஏற்றப்படுகிறது. யாரை உடனே மருத்துவமனையில் சேர்க்க வேண்டும், யாருக்கு மறு சளிப் பரிசோதனை நாள் கடந்துவிட்டது என்பதை அறியப் பணியாளர்கள் நிபந்தனைகளை அமைத்துப் பட்டியல் எடுப்பர். அப்பட்டியலில் உங்கள் பெயர் வருவது, பதியப்பட்ட விவரங்களைப் பொறுத்தது.

நிபந்தனைகள் எவ்வாறு இயங்குகின்றன?

2022ஆம் ஆண்டு முதல் செயல்படும் தமிழ்நாடு காசநோய் இறப்பில்லாத் திட்டத்தில், வயது வந்தோரிடையே தீவிர நோயாளிகளைக் கண்டறியக் கீழ்க்கண்டவை பார்க்கப்படுகின்றன:

• உடல் நிறைக் குறியீட்டெண் 14க்குக் குறைவு. அல்லது 16க்குக் குறைவாக இருந்து, இரு கால்களிலும் வீக்கம்
• மூச்சு எண்ணிக்கை நிமிடத்திற்கு 24க்கு மேல். அல்லது இரத்த ஆக்சிஜன் அளவு 94 விழுக்காட்டிற்குக் கீழ்
• பிறர் துணையின்றி நிற்க இயலாமை

இவற்றுள் ஏதேனும் ஒன்று பொருந்தினாலே விரிவான பரிசோதனையும் உள்நோயாளிச் சிகிச்சையும் தேவைப்படலாம். எல்லாம் ஒருசேரப் பொருந்த வேண்டும் என்று நிபந்தனை அமைத்தால், ஆபத்தில் உள்ள பலர் விடுபடுவர்.

ஓர் எடுத்துக்காட்டு: 160 செ.மீ. உயரமுள்ள ஒருவர் 35 கிலோ இருந்தால் குறியீட்டெண் சுமார் 13.7, அவர் பட்டியலில் வருவார். அதே உயரத்தில் 40 கிலோ இருந்தால் குறியீட்டெண் 15.6, கால் வீக்கம் பதியப்பட்டிருந்தால் மட்டுமே இந்நிபந்தனையின்கீழ் வருவார். எடையே பதியப்படவில்லை எனில், எவ்வளவு மெலிந்திருந்தாலும் இந்நிபந்தனையில் அவர் பெயர் வராது. கணினி வெற்றிடத்தை ஆபத்தாகக் கருதுவதில்லை.

நீங்கள் செய்ய வேண்டியவை

1. சிகிச்சை தொடங்கும் நாளில் எடை, உயரம், ஆக்சிஜன் அளவு பார்க்கப்பட்டுப் பதியப்பட்டனவா எனக் கேளுங்கள். கால் வீக்கத்தை நீங்களே எடுத்துக் கூறுங்கள்.
2. உங்கள் நிக்‌ஷய் அடையாள எண்ணைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.
3. கைப்பேசி எண் மாறினால் தெரிவியுங்கள். பழைய எண் இருந்தால் பணியாளர் உங்களை அழைக்க இயலாது.
4. தாம்பரத்திலிருந்து வேளச்சேரிக்கோ கூடுவாஞ்சேரிக்கோ குடிபெயர்ந்தால், புறப்படும் முன்பே பதிவை மாற்றித் தரக் கேளுங்கள். மாற்றாவிட்டால் புதிய பகுதியின் பட்டியலில் உங்கள் பெயர் இராது. அடையாள எண் மாறாது.
5. வங்கிக் கணக்கு விவரத்தைச் சரிபாருங்கள். சிகிச்சைக் காலத்தில் மாதந்தோறும் வழங்கப்படும் ரூ.1,000 ஊட்டச்சத்து உதவித்தொகை அக்கணக்கிற்கே வரும்.

பட்டியலுக்காகக் காத்திருக்க வேண்டாம்

மூச்சுத் திணறல், இருமலில் மிகுதியான இரத்தம், எழுந்து நிற்க இயலாமை ஆகியவற்றுள் ஒன்று இருப்பினும் 108ஐ அழையுங்கள். 1928இல் தொடங்கப்பட்ட தாம்பரம் சானடோரியம் அரசு நெஞ்சக நோய் மருத்துவமனையில் காசநோய்க்கான உள்நோயாளிச் சிகிச்சை கட்டணமின்றி அளிக்கப்படுகிறது. ஐயங்களுக்கு 104ஐ அழைக்கலாம்.

பட்டியல் எங்களுக்கு உதவும் கருவியே. நோயாளியின் நிலையை முதலில் காண்பவர் வீட்டில் உடனிருப்பவர். நீங்கள் கண்டதைத் தயங்காமல் கூறுங்கள்.