கோப்பி இயந்திரம் வாங்குமுன் கேட்க வேண்டியது

நம்மவர்களின் ஹோட்டல்களிலும் பேக்கரிகளிலும் எஸ்பிரஸோ கோப்பி இயந்திரங்கள் வந்துவிட்டன. வாங்கும்போது எல்லோரும் விலையைத்தான் கேட்கிறோம். பழுதானால் கடைக்கு வந்து திருத்துவது யார் என்பதையே முதலில் கேட்க வேண்டும் என்பேன்.

இது தூக்கிக்கொண்டு போய்த் திருத்தும் சாமான் அல்ல. நீர்க்குழாயோடும் மின்சாரத்தோடும் பூட்டப்பட்டது. உள்ளே கொதிகலன் இருக்கிறது. பம்ப் 9 பார் அளவு அழுத்தத்தில் நீரைத் தள்ளுகிறது. பழக்கமில்லாதவர் கைவைக்கக் கூடாது.

நான் அதிகம் கண்ட பழுதுகள் இரண்டு. ஒன்று, நீரிலுள்ள சுண்ணாம்பு கொதிகலனிலும் ஹீட்டரிலும் படிவது. யாழ்ப்பாணம் போன்ற சுண்ணாம்புக்கல் பகுதிக் கிணற்று நீரில் இது விரைவாக நடக்கும். நீரை மென்மையாக்கும் வடிகட்டியைப் பூட்டி, உரிய காலத்தில் மாற்றினால் தப்பலாம். மற்றது, கோப்பித்தூள் பிடியைப் பூட்டும் இடத்திலுள்ள ரப்பர் வாஷர் சூட்டில் இறுகி, ஓரத்தால் நீர் கசிவது. அதைக் கடையில் வைத்தே மாற்றிவிடலாம்.

சேவை ஒப்பந்தத்தில் நான்கு விடயங்களை எழுத்தில் வாங்குங்கள்: அழைத்தால் எத்தனை மணித்தியாலத்துக்குள் வருவார்? விடுமுறை நாட்களிலும் வருவாரா? உதிரிப்பாகங்கள் இலங்கையில் கையிருப்பில் உண்டா? வருகைக் கட்டணம் எவ்வளவு?

இயந்திரம் நின்றால் நட்டம் கோப்பியோடு முடிவதில்லை. கோப்பியோடு ரோல்ஸ் சாப்பிடுபவரும் பக்கத்துக் கடைக்குப் போய்விடுவார். வாய்வார்த்தை அன்று உதவாது.