உங்களுக்குத் தெரியுமா? பாதி வேகம், கால் பங்கு மின்சாரம்

நீச்சல்குளப் பம்பின் வேகத்தைப் பாதியாகக் குறைத்தால் அதற்குத் தேவைப்படும் மின்திறன் பாதியாக அல்ல, ஏறத்தாழ எட்டில் ஒரு பங்காகக் குறைகிறது! தண்ணீரின் ஓட்டம் வேகத்துக்கு நேர்விகிதத்தில் மாறுகிறது; மின்திறனோ வேகத்தின் மும்மடிப்படி மாறுகிறது.

முழு வேகத்தில் 1,500 வாட் இழுக்கும் பம்பு 8 மணி நேரம் ஓடினால் 12 யூனிட். பாதி வேகத்தில் அதே அளவு தண்ணீரை வடிகட்ட 16 மணி நேரமாகும். செலவோ சுமார் 3 யூனிட்தான். நடைமுறையில் மோட்டார் இழப்புகளால் இது கொஞ்சம் கூடும். ஆனாலும் லாபம் பெரிது. சத்தமும் குறையும்.

அமெரிக்காவில் 2021 ஜூலை 19 முதல் நடப்பிலுள்ள மின்சிக்கன விதிகளை, பெரிய வடிகட்டிப் பம்புகளில் வேகம் மாற்றக்கூடியவையே பெரும்பாலும் நிறைவுசெய்கின்றன.

பழைய பம்பு பழுதானால் அதே குதிரைத்திறனை அப்படியே கேட்டு வாங்காதீர்கள். குளத்தின் கொள்ளளவு, குழாயின் விட்டம், வடிகட்டி தாங்கும் ஓட்டம் மூன்றையும் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். குறுகிய குழாயில் பெரிய பம்பை மாட்டுவது மின்சாரத்தை வீணாக்கும். வாட்டர் ஹீட்டரோ உப்புக் குளோரினேட்டரோ இருந்தால், அதற்கு வேண்டிய குறைந்தபட்ச ஓட்டத்துக்குக் கீழே வேகத்தை இறக்கக் கூடாது.