ஊதா மையும் ஒளிர்திரையும்

திருகோணமலைத் துறைமுகத்துக்கு வரும் கப்பல் தலைவருக்கு அன்று துணை இரண்டு: கடல் வரைபடமும் வழிகாட்டி நூலும். கொட்டியாரக் குடாவில் எங்கே ஆழம், எங்கே பாறை என்று அவைதான் சொல்லும். அவை பிழைத்தால் கப்பல் பிழைக்காது. 1786இல் 'அட்லஸ்' கப்பல் டியேகோ கார்சியாத் தீவில் தரைதட்டி உடைந்தது; வரைபடம் தவறாக இருந்ததே காரணம். அதில் இருந்த அதிகாரி ஜேம்ஸ் ஹார்ஸ்பர்க் அதன்பின் கண்டதையெல்லாம் குறித்துவைத்து, 1809 முதல் கீழைக் கடல்களுக்கான வழிகாட்டியை வெளியிட்டார்.

பிறகு வரைபடங்களைத் திருத்துவதற்கொரு ஒழுங்கு வந்தது. பிரித்தானிய வரைபட அலுவலகம் வாரந்தோறும் திருத்த அறிவித்தல் அனுப்பும். கப்பல் அதிகாரி மெல்லிய பேனாவால் ஊதா மையில் திருத்தி, இடது கீழ் மூலையில் அறிவித்தல் எண்ணைக் குறிப்பார். மூலையைப் பார்த்தாலே வரைபடம் எதுவரை திருந்தியது என்று தெரியும். புதுப் பாறை கண்டால் படிவம் நிரப்பி அவரே அலுவலகத்துக்கு எழுதுவார்.

இன்று வரைபடம் திரையில். 2012க்கும் 2018க்கும் இடையே பெரிய கப்பல்களுக்கு மின்னணு வரைபடக் கருவி படிப்படியாகக் கட்டாயமானது. படிவமும் கைத்தொலைபேசிச் செயலியாகிவிட்டது.

கடல் மட்டும் மாறிக்கொண்டேதான் இருக்கிறது. 1942 ஏப்ரலில் ஜப்பானியக் குண்டுவீச்சுக்கு இரையான 'சகாயிங்' கப்பல் திருகோணமலைத் துறைமுகத்தின் அடியில் கிடந்தது. 2018இல் இலங்கைக் கடற்படை அதை மிதக்கவைத்து அப்புறப்படுத்தியது. சிதைவு இடம் மாறினால் பழைய குறி பொய்யாகிவிடும். யாராவது சொன்னால்தான் வரைபடத்துக்குத் தெரியும்.

இப்போது மென்பொருளையும் சந்தேகிக்க வேண்டியிருக்கிறது. 2011இல் சர்வதேச நீர்ப்பரப்பியல் அமைப்பு ஒரு சோதனைக் கோப்பைக் கப்பல்களுக்கு அனுப்பி, திரையில் தெரிவதை எழுதி அனுப்பக் கேட்டது. சில கருவிகள் கடலடி ஆபத்துகள் சிலவற்றைக் காட்டவேயில்லை என்பது மாலுமிகளின் பதில்களால்தான் வெளிவந்தது. தரவில் குறையில்லை, காட்டிய மென்பொருளில்தான் குறை.

காகித வரைபடம் அந்தக் கடலை எந்த ஆண்டு அளந்தார்கள் என்பதையும் அச்சிட்டே வந்தது. பழைய அளவீடென்றால் தலைவர் எச்சரிக்கையாக இருப்பார். பளிச்சென்ற திரை அந்தச் சந்தேகத்தை எழுப்புவதில்லை. ஆகவே எந்தப் பதிப்பு எதைக் காட்டாது என்பதையும் மென்பொருள் நிறுவனம் ஆவணத்தில் எழுதித்தர வேண்டும். குறை சொல்லும் மாலுமிக்குப் பதிலும் போட வேண்டும்.